கேளாமையின் ஓசை

பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் இருவரும் பாடிய ‘சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற இசைத்தட்டைக் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1966 ஜனவரி 17 அன்று வெளியிட்டது. தட்டில் 11 உருப்படிகள். பத்துப் பாடல்கள், ஒன்று வார்த்தையே இல்லாத கிட்டார் வாசிப்பு. இருவருக்கும் அப்போது வயது 24. நாட்டுப்புறப் பாடலும் மின் கிட்டாரும் கலந்த ஃபோக் ராக் அமெரிக்காவில் வேர்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது இந்தத் தட்டு. காதல், பிரிவு, வாலிபச் சோர்வு எல்லாம் இதில் உண்டு. ஆனால் தலைப்பிலேயே இருக்கும் மௌனம் என்ற சொல் சமயச் சிந்தனையின் மிகப் பழைய கேள்வி ஒன்றைக் கையோடு கூட்டி வருகிறது. மௌனம் கடவுள் பேசும் விதமா, அல்லது அவர் பேசாமல் போனதன் அடையாளமா? அதைவிடக் கடினமான இன்னொரு கேள்வியும் உண்டு: பேச்சு இருந்தும் கேட்கும் செவி இல்லை என்றால் அந்த மௌனம் யாருடையது?

தலைப்புப் பாடலைச் சைமன் எழுதி முடித்தது 1964-இன் தொடக்கத்தில். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த அவர், கிட்டார் வாசிக்கக் குளியலறைக்குள் போய்விடுவது வழக்கம் என்று பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். சுவரிலும் தரையிலும் ஓடு பதித்த அறை என்பதால் லேசான எதிரொலி கிடைக்கும். விளக்கை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, இருட்டில் வாசிப்பார். பாடல் இருட்டைத் தோழனாக விளித்துத் தொடங்குவதற்கு அந்த அறையில் காரணம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அங்கே முழு நிசப்தம் இருந்ததில்லை என்பதுதான். தண்ணீர் விழும் சத்தம் இருந்தது. ஓட்டில் பட்டுத் திரும்பும் தந்தியின் அதிர்வு இருந்தது. மௌனத்துக்கு ஓசை உண்டு என்ற எண்ணம் தத்துவ நூலிலிருந்து அவருக்கு வரவில்லை. காதால் பழகிய ஒன்று அது.

பாடல் முதலில் வெளியானது 1964 அக்டோபரில், ‘வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.’ என்ற அவர்களது முதல் தட்டில். அதில் இரண்டு குரலோடு மின்சாரம் சேராத வாத்தியங்கள் மட்டும்தான். அந்தத் தட்டில் அதன் அண்டை அயலார் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கிறிஸ்து பிறந்த செய்தியை மலையேறிச் சொல்லும் கறுப்பின மக்களின் பக்திப் பாட்டு ஒன்று. 16-ஆம் நூற்றாண்டின் ஓர்லாந்தோ டி லாசோவின் இசையை ஒட்டிய லத்தீன் திருப்பலிப் பாடல் இன்னொன்று. யூதக் குடும்பங்களில் பிறந்த இரண்டு இளைஞர்கள் தேவாலயத்தின் பாட்டுகளைப் பாடி, அவற்றின் நடுவே தங்களுடைய மௌனப் பாடலையும் வைத்தார்கள். தட்டு விலைபோகவில்லை. இருவரும் பிரிந்தார்கள், சைமன் இங்கிலாந்துக்குப் போய்ச் சிறிய பாட்டு மன்றங்களில் பாடத் தொடங்கினார்.

அதன் பிறகு நடந்தது, பாடலின் பொருளோடேயே பின்னிக்கொண்ட கதை. பாஸ்டன், ஃபுளோரிடா பக்கத்து வானொலிகளில் மாணவர்கள் இந்தப் பாடலைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். தயாரிப்பாளர் டாம் வில்சன் 1965 ஜூன் 15 அன்று, பாப் டிலனின் பதிவுக்கு வந்திருந்த வாத்தியக்காரர்கள் சிலரை வைத்து, பழைய ஒலிநாடாவின் மேல் மின் கிட்டாரையும் பேஸையும் டிரம்ஸையும் ஏற்றினார். பாடியவர்கள் இருவருக்கும் அது தெரியாது. செப்டம்பரில் அந்தப் புதிய வடிவம் தனித்தட்டாக வந்தது. 1966 ஜனவரி முதல் தேதிக்குரிய பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடல் பட்டியலில் ஏறத் தொடங்கிய செய்தி கிடைத்தபோது சைமன் டென்மார்க்கில் இருந்தார். அவர் நாடு திரும்ப, பாப் ஜான்ஸ்டன் தயாரிப்பில் சில வாரங்களுக்குள் ஒரு முழுத் தட்டு அவசர அவசரமாகத் தயாரானது. அந்த அவசரம் சில பாடல்களில் தெரியவும் செய்கிறது. மனிதர் மனிதரைக் கேட்பதில்லை என்று புலம்பிய பாட்டு மெல்லிய குரலில் பாடப்பட்டபோது யாரும் கேட்கவில்லை. மேளம் சேர்ந்ததும் நாடே கேட்டது. அந்தப் பதிவில் முதல் கண்ணி கிட்டத்தட்ட பழைய அமைதியோடுதான் நகர்கிறது. இரண்டாம் கண்ணியில் டிரம்ஸ் வந்து விழுகிறது. பாடலின் மனிதன் தெருவுக்குள் நடக்கத் தொடங்கும் இடமும் அதுதான்.

யூத வழிபாட்டின் மையமான மன்றாட்டு ‘ஷெமா’ என்ற ஒரே சொல்லோடு தொடங்குகிறது. கேள் என்று அதற்குப் பொருள். உபாகமம் ஆறாம் அதிகாரத்திலிருந்து வரும் இந்த அழைப்பைப் பக்தியுள்ள யூதர் காலையும் மாலையும் சொல்வார்கள். மரணப் படுக்கையிலும் சொல்ல விரும்புவார்கள். எபிரேயத்தில் அந்த வினை காதில் விழுவதையும் குறிக்கும், கேட்டதற்கு உட்பட்டு நடப்பதையும் குறிக்கும். தமிழில் ‘சொன்னதைக் கேள்’ என்னும்போது எப்படியோ அப்படி. சிறு வயதில் ஜெப ஆலயத்தில் பாடிப் பழகிய கார்ஃபங்கலுக்கும் அவருடைய நண்பருக்கும் இந்தச் சொல் காதில் ஊறியது. ஒலி காதில் ஏறியும் உள்ளே இறங்காத மனிதர் கூட்டத்தை அவர்களது பாடல் காட்டும்போது, அது இந்த மரபின் மிக ஆழமான குற்றச்சாட்டைத்தான் திரும்ப எடுக்கிறது. மக்களிடையே உறவு அறுந்துபோனதையே பாடல் சொல்கிறது, அதிலும் நாடுகளுக்கு இடையிலான பேச்சைவிட உள்ளத்துக்கு உள்ளம் பேசும் பேச்சு அறுந்ததை, என்று கார்ஃபங்கல் 1966-இல் மேடையிலேயே விளக்கியிருக்கிறார்.

மௌனத்தின் ஓசை என்ற முரண்தொடருக்கும் வேதாகமத்தில் ஒரு முன்னோடி உண்டு. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி எலியா, யெசபேல் அரசிக்குப் பயந்து ஓரேப் மலையின் குகையில் ஒளிந்திருக்கிறார். பாறைகளைப் பிளக்கும் காற்று வருகிறது, பூகம்பம் வருகிறது, நெருப்பு வருகிறது. எதிலும் ஆண்டவர் இல்லை. அவற்றுக்குப் பின் வருவதை எபிரேய மூலம் மூன்றே சொற்களில் வைக்கிறது: கோல் தெமாமா தக்கா. கோல் என்றால் குரல் அல்லது ஓசை. தெமாமா என்றால் நிசப்தம். தக்கா என்றால் நொறுங்கிய, மெல்லிய. மெல்லிய நிசப்தத்தின் ஓசை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த இடம் எப்போதும் சங்கடம்தான். பலர் அதை மெல்லிய குரல் என்று சமன்செய்துவிடுகிறார்கள். மூலமோ முரணை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. சைமன் இந்த வசனத்தை மனத்தில் வைத்துத்தான் தலைப்பிட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படிக் காட்டத் தேவையும் இல்லை. ஒரே முரண்தொடர் இரண்டு இடங்களில் நேர் எதிரான வேலை செய்கிறது என்பதே கவனத்துக்குரியது. எலியாவுக்கு அது எல்லா இரைச்சலும் அடங்கிய பின் கிடைத்த இறைநெருக்கம். நியூயார்க் இளைஞருக்கு அது இரைச்சலின் நடுவிலேயே பரவும் நோய்.

மௌனத்தை மேன்மையாகக் காண்பதற்கு யூதச் சிந்தனையில் வலுவான தத்துவ அடித்தளமும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் தம் ‘குழம்பியோருக்கு வழிகாட்டி’ நூலில், கடவுளைப் பற்றி நாம் ஏற்றிச் சொல்லும் எந்தக் குணமும் அவரைக் குறைத்தே காட்டும் என்று வாதிடுகிறார். நல்லவர், வல்லவர் என்பதெல்லாம் மனித அளவுகோல்கள். ஆகவே மௌனமே தகுந்த துதி என்று, 65-ஆம் சங்கீதத்தைச் சான்றாக வைத்து முடிக்கிறார். இது சொல்லின் எல்லைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து நிற்கும் மௌனம். யோபு துயரத்தில் விழுந்தபோது நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவும் இந்த வகைதான். அவர்கள் கெட்டுப்போனது பேசத் தொடங்கிய பிறகே.

பாடலில் வரும் மௌனம் வேறு. அங்கே கூட்டம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, வாய்கள் அசைகின்றன, பாட்டுகளும் எழுதப்படுகின்றன. ஒருவர் குரலும் இன்னொருவரிடம் போய்ச் சேர்வதில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி தம் நாட்டு மக்களுக்கு எச்சரித்த பஞ்சம் இத்தகையது: அப்பமும் தண்ணீரும் குறையாமல் இருக்க, கேட்பது அற்றுப்போகும் பஞ்சம். அந்த வெற்றிடத்தில் என்ன வந்து உட்காரும் என்பதிலும் பாடல் தீர்க்கதரிசிகளின் வழியிலேயே போகிறது. மக்கள் தாங்களே செய்த நியான் விளக்குத் தெய்வத்தின் முன் குனிகிறார்கள். வாயிருந்தும் பேசாத, காதிருந்தும் கேளாத விக்கிரகங்களைப் பற்றி 115-ஆம் சங்கீதம் சொல்கிறது. அவற்றைச் செய்கிறவர்களும் அவற்றைப் போலவே ஆவார்கள் என்றும் சொல்கிறது. வணங்கப்படுவது செவிடு என்றால் வணங்குகிறவரும் செவிடாவார். விக்கிரக வழிபாட்டுக்கு எதிரான வாதங்களில் இதைவிடக் கூர்மையானது குறைவு. பாடலின் கடைசிக் காட்சிக்கு உயிர் கொடுப்பதும் இதுதான். அங்கே தீர்க்கதரிசனம் சுரங்க ரயில் நிலையச் சுவரிலும் ஏழைக் குடியிருப்புகளின் நடைகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. தானியேல் புத்தகத்தில் பெல்ஷாத்சார் அரசனின் விருந்து மண்டபச் சுவரில் விரல்கள் தோன்றி எழுதிய எழுத்தை நினைவூட்டும் காட்சி இது. வேறுபாடு ஒன்று: பாபிலோனில் எழுத்து அரண்மனைச் சுவரில் தோன்றியது, அரசன் முகம் வெளிறியது. நியூயார்க்கில் அது தினமும் ஆயிரம் பேர் கடந்துபோகும் சுவரில் கிடக்கிறது. யாரும் நின்று படிக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி பாட்டுக்காரர்களிடம் மட்டும் இருக்கவில்லை. ஸ்வீடனில் இயக்குநர் இங்மார் பெர்க்மன் கடவுளின் மௌனத்தை மையமாக்கி எடுத்த படம் ஒன்று 1963-இல் ‘மௌனம்’ என்ற பெயரிலேயே வந்தது. இந்தத் தட்டு வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1966 ஏப்ரல் 8 தேதியிட்ட டைம் இதழ், படம் எதுவும் இல்லாத கறுப்பு அட்டையில் சிவப்பு எழுத்தில் கடவுள் இறந்துவிட்டாரா என்று கேட்டது. தாமஸ் ஆல்டைசர் போன்ற இளம் இறையியலாளர்கள் ஆம் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மாற்றாக ஒரு வாதத்தை யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர் முன்பே வைத்திருந்தார். 1952-இல் வந்த ‘கடவுளின் கிரகணம்’ நூலில் அவர் காட்டிய உவமை எளியது. கிரகணத்தில் சூரியன் அணைவதில்லை. நம் கண்ணுக்கும் சூரியனுக்கும் இடையில் ஏதோ வந்து நிற்கிறது. இடையில் வந்து நிற்பது, எல்லாவற்றையும் ‘அது’ என்று பொருளாக்கிப் பயன்படுத்தும் மனப்பாங்கு. 1923-இல் எழுதிய ‘நானும் நீயும்’ நூலிலேயே அவர் இதை விளக்கியிருந்தார்: எதிரில் இருப்பவரை ‘நீ’ என்று விளிக்கும் உறவில்தான் மனிதன் முழு மனிதனாகிறான், அத்தகைய ஒவ்வொரு ‘நீ’யின் வழியாகவும் நித்தியமான ‘நீ’யின் விளிம்பு தெரிகிறது. பூபர் எருசலேமில் இறந்தது 1965 ஜூன் 13 அன்று. நியூயார்க் ஒலிப்பதிவுக்கூடத்தில் வில்சன் அந்த ஒலிநாடாவைத் திரும்ப எடுத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. இது வெறும் தற்செயல்தான். என்றாலும் பூபரின் கண்ணாடி வழியே பார்க்கும்போது தட்டின் மற்றப் பாடல்கள் சட்டென்று ஒரே கேள்வியின் கிளைகளாகத் தெரிகின்றன.

தட்டில் நேரடியாகச் சமயத்தைத் தொடும் பாடல் ‘பிளெஸ்ட்’. மலைப்பிரசங்கத்தில் இயேசு பாக்கியவான்கள் என்று எண்ணிச் சொன்னவர்களின் பட்டியலை எடுத்து, துப்பப்பட்டவர்கள், மிதிபட்டவர்கள், தெருவில் உடல் விற்பவர்கள், போதைமருந்து விற்பவர்கள் என்று லண்டன் சோஹோ வீதிகளின் மக்களை அதில் அது நிரப்புகிறது. இதைக் கேலி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பாடலின் நடுவே, 22-ஆம் சங்கீதத்தில் தாவீது எழுப்பி, இயேசு சிலுவையில் திரும்பச் சொன்ன அந்தக் கைவிடப்பட்டவனின் கதறல் வரும்போது கேலி என்ற விளக்கம் நிற்பதில்லை. அந்தச் சங்கீதத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் இல்லை என்று முறையிடுகிறவன், அந்த முறையீட்டையே பதில் தராதவரிடம்தான் சொல்கிறான். கடவுளின் மௌனத்தைப் பற்றிப் பேசுவது வேறு, மௌனமாக இருக்கும் கடவுளோடு பேசுவது வேறு. இரண்டாவதில் ‘நீ’ இன்னும் அறுபடவில்லை. ஆபிரகாமும் யோபுவும் கடவுளோடு வழக்காடிய மரபில் பிறந்த ஒருவர், கிறிஸ்தவ வேதத்தின் சொல்லை எடுத்து அதே வழக்கைத் தொடர்கிறார்.

இரண்டாம் பக்கத்தின் முதல் இரு பாடல்கள் இரண்டு தற்கொலைகள். ‘ரிச்சர்ட் கோரி’, எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன் 1897-இல் வெளியிட்ட கவிதையை ஒட்டியது. ஊரே பொறாமைப்படும் செல்வந்தன் ஓர் இரவு தன்னைச் சுட்டுக்கொள்கிறான். சைமன் அதை அவனுடைய தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியின் வாயில் வைத்தார். தன் வறுமையைச் சபித்து, தானும் ரிச்சர்ட் கோரியாக இருக்கக் கூடாதா என்று அவன் ஏங்குவது பல்லவி. கவிதை துப்பாக்கிக் குண்டோடு முடிந்துவிடுகிறது. பாடல் முடியவில்லை. சாவுச் செய்தி சொல்லப்பட்ட பிறகு அதே பல்லவி, ஓர் எழுத்தும் மாறாமல், மறுபடி வருகிறது. கேட்கிறவர் முதல் தடவை இதை வழக்கமான முத்தாய்ப்பு என்று விட்டுவிடலாம்; இரண்டாம் தடவை முதுகு சில்லிடும். தொழிலாளியின் காதில் செய்தி விழுந்தது, அவன் கேட்கவில்லை. அல்லது கேட்டும் அந்த வாழ்வையே, அந்தச் சாவோடு சேர்த்தே, விரும்புகிறான். தலைப்புப் பாடல் ஒரு கருத்தாகச் சொன்னதை இங்கே பாட்டின் அமைப்பே நடத்திக் காட்டுகிறது. இசைத்தட்டின் உச்சம் இந்த இடம்தான்.

அடுத்தது ‘எ மோஸ்ட் பெக்யூலியர் மேன்’. லண்டனில் ஒரு செய்தித்தாளில் சில வரிகளில் வந்த தற்கொலைச் செய்தியிலிருந்து சைமன் இதை எழுதினார். தனி அறை. யாரோடும் அதிகம் பேசாத மனிதன். ஒரு சனிக்கிழமை ஜன்னல்களை அடைத்துவிட்டு எரிவாயுவைத் திறந்துவிடுகிறான். பாடலில் அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவனைப் பற்றித் தெரிந்த எல்லாம் மேலே குடியிருக்கும் பெண் ஒருத்தி சொன்னது. அவனுக்கு எங்கோ ஒரு சகோதரன் உண்டு, அவனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். பாவம் என்கிறார்கள், விசித்திரமான ஆள் என்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனிதன் கடைசிவரை ‘அவன்’ ஆகவே இருந்தான்; ஒருவருக்கும் ‘நீ’ ஆகவில்லை.

இவற்றுக்கு எதிர்முனையில் முதல் பக்கத்தின் ‘கேத்திஸ் சாங்’. ஒற்றைக் கிட்டார், வெளியே மழை, தொலைவில் இருக்கும் பெண்ணை நினைக்கும் ஒருவன். உண்மை என்று தான் நம்பி வந்ததையெல்லாம் சந்தேகிக்க நேர்ந்து, நம்பிக்கை எதுவும் இல்லாமல் நிற்பதாகச் சொல்கிறான். அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உண்மை அவள். காதல் பாட்டுகளில் இது சாதாரண மிகைமொழிபோலத் தோன்றலாம். ஆனால் கோட்பாடாகப் பிடித்துக்கொண்ட நம்பிக்கைகள் கரைந்த பிறகும், ஒருவரை நோக்கி ‘நீ’ என்று சொல்ல முடிவது மிஞ்சுகிறது என்பதைப் பூபர் சம்பிரதாயப் பக்தியைவிட மெய்யான தொடக்கமாகக் கருதியிருப்பார். இந்தத் தட்டில் மௌனம் பயமுறுத்தாமல் இருக்கும் ஒரே பாடலும் இதுதான். மழையின் சத்தத்தை இதில் அவன் உண்மையாகவே கேட்கிறான்.

பச்சை இலை பழுக்கும் நிலையாமையைச் சொல்லும் பாடலும், மாதங்களை எண்ணிக் காதலின் தேய்வைச் சொல்லும் குட்டிப் பாடலும் அழகானவை. டேவி கிரஹாமின் ‘ஆஞ்சி’ என்ற கிட்டார் வாசிப்பு முதல் பக்கத்தை வார்த்தையில்லாமல் மூடுகிறது. களியாட்டமாக ஒன்றிரண்டு உண்டு. அவற்றுக்கு இந்தக் கேள்வியோடு சம்பந்தமில்லை.

அமெரிக்கப் பதிப்பின் கடைசிப் பாடல் ‘ஐ ஆம் எ ராக்’. டிசம்பர் மாதத்து அறை, ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே புத்தகங்களோடு ஒருவன். நட்பு வேண்டாம், காதல் வேண்டாம், தான் ஒரு பாறை, தான் ஒரு தீவு என்கிறான். எந்த மனிதனும் தனித் தீவல்ல என்று ஆங்கிலக் கவிஞரும் குருவானவருமான ஜான் டன் 1624-இல் நோய்ப்படுக்கைத் தியானங்களில் எழுதியதற்கு நேரெதிர் முழக்கம் இது. டன் அதை எழுதியது பக்கத்துத் தேவாலயத்தில் யாருக்கோ அடித்த சாவு மணியைக் கேட்டு. அந்நியனின் மணி தனக்கும் அடிக்கிறது என்று கேட்கத் தெரிந்த செவி அவருடையது. பாடலின் மனிதனோ செவியை அடைத்துவிட்டான். இன்னொன்றும் இதில் மறைந்திருக்கிறது. எபிரேய வேதத்தில் பாறை என்பது கடவுளின் பெயர்களில் ஒன்று. உபாகமத்தின் மோசேயின் பாட்டிலும் பல சங்கீதங்களிலும் அவர் கன்மலை. அந்தப் பெயரை ஒரு மனிதன் தனக்கே சூட்டிக்கொள்ளும்போது, முதல் பாடலில் தெருவில் நின்ற விக்கிரகம் கடைசிப் பாடலில் அறைக்குள் வந்துவிட்டது. வலியே இல்லை என்று அவன் சொல்லச் சொல்ல, வலி எவ்வளவு என்பது கேட்கிறவருக்குத் தெரிகிறது.

முதல் பாடலுக்கு எதிரான நியாயமான ஓர் ஆட்சேபத்தை இங்கே எதிர்கொள்ள வேண்டும். எல்லாரும் செவிடர், தான் மட்டும் காண்கிறவன் என்று நிற்கும் அந்த இளைஞனிடம் அகந்தை இல்லையா? கூட்டத்தைத் தன்னிடம் கேட்கச் சொல்கிறான்; கூட்டத்தில் ஒருவரையாவது அவன் கேட்டானா? எலியாவின் கதை இந்த ஆட்சேபத்தை முன்பே அறிந்திருக்கிறது. குகையில் அவர் முறையிட்டது, தான் ஒருவன் மட்டுமே மிஞ்சியிருப்பதாக. மெல்லிய நிசப்தம் வருவதற்கு முன்பும் அதையே சொன்னார், வந்த பின்பும் அதையே சொன்னார். அதற்குக் கிடைத்த பதிலில் ஆறுதல் வார்த்தை இல்லை. வந்த வழியே திரும்பிப் போ என்ற கட்டளையும், பாகாலுக்கு முழங்கால் படியாத ஏழாயிரம் பேர் நாட்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கும் இருந்தன. இறைமௌனத்தைக் கேட்டதன் பலனாக எலியாவுக்குத் தன் தனிமை பொய் என்று தெரிந்தது. அதைக் கேட்டவர் குகையை விட்டு இறங்கி, ஏரில் மாடு பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசாவிடம் போனார். கேளாதவன் குகைக்குள்ளேயே இருந்து தன்னைப் பாறை என்கிறான். தட்டின் முதல் பாடலுக்கும் கடைசிப் பாடலுக்கும் இடையில் நடப்பது இந்தச் சரிவுதான்.

சரிவைச் சொல்லும் பாட்டுகளை இருவர் சேர்ந்து பாடுகிறார்கள் என்பது இந்த வாதத்துக்கு வெளியே நிற்கும் செய்தியல்ல. பள்ளி நாளிலேயே இரட்டைப் பாடகர்களான எவர்லி சகோதரர்களைக் கேட்டுப் பாடிப் பழகியவர்கள் அவர்கள்; 1957-இல் ‘டாம் அண்ட் ஜெரி’ என்ற பெயரில் தட்டும் வெளியிட்டிருந்தார்கள். நெருக்கமான இரட்டைக் குரலிசையில் ஒருவர் மூச்சு எங்கே முடிகிறது, மெய்யெழுத்து எங்கே விழுகிறது என்பதை மற்றவர் ஒவ்வொரு கணமும் கேட்டாக வேண்டும். கேட்பது ஒரு நொடி தவறினாலும் குரல் பிசிறும். ‘நான்’ என்று தொடங்கும் தனிமைப் பாட்டின் பல்லவியில்கூட அந்த ‘நான்’ இரண்டு தொண்டைகளிலிருந்து வருகிறது. மனிதருக்குள் கேட்பது செத்துவிட்டது என்ற சொல்லை, ஒருவரையொருவர் கூர்ந்து கேட்டுக்கொண்டே அவர்கள் பாடினார்கள்.

1967 டிசம்பரில் வந்த மைக் நிக்கல்சின் ‘தி கிராஜுவேட்’ படம் தலைப்புப் பாடலை மூன்று இடங்களில் பயன்படுத்தியது. கடைசி இடத்தில், தேவாலயத் திருமணத்திலிருந்து ஓடிவந்த இருவர் பேருந்தின் பின்னிருக்கையில் உட்காருகிறார்கள். சிரிப்பு மெல்ல முகத்தை விட்டுப் போகிறது. அவன் நேரே பார்க்கிறான். அவள் ஒரு முறை அவன் பக்கம் திரும்புகிறாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.